ஜப்பானின் கிராமப்புறப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், டோகாமாச்சி நகரை அடுத்த மலையோரச் சிற்றூர் ஒன்றில் மூன்று ஆண்டுகள் துணை ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினேன். மூன்று தொடக்கப் பள்ளிகளும் ஒரு நடுநிலைப் பள்ளியும் என் பொறுப்பில் இருந்தன. ஊர் திரும்பிய நாள் முதல், அந்த வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்களும், பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்டு வருகிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளிக்குப் பள்ளி, ஊருக்கு ஊர் நிலைமை மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

இது எப்படிப்பட்ட வேலை? யார் வேலைக்கு அமர்த்துகிறார்கள்?

பதவியின் பெயர் துணை மொழி ஆசிரியர். பேச்சு வழக்கில் ஏ.எல்.டி. என்பார்கள். அரசு வழியில் வருபவர்கள் ‘ஜெட்’ என்ற திட்டத்தின் கீழ் வருகிறார்கள். 1987ஆம் ஆண்டு நான்கு நாடுகளைச் சேர்ந்த 848 பேருடன் தொடங்கிய இந்தத் திட்டத்தை ஜப்பானின் மூன்று அமைச்சகங்களும், உள்ளாட்சிகளின் பன்னாட்டு உறவுகளுக்கான ‘கிளேர்’ என்ற அமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. ஆனால் உங்கள் முதலாளி இவர்களில் எவரும் இல்லை. நீங்கள் பணியாற்றும் ஊரின் கல்வி வாரியம்தான் உங்களுடன் ஒப்பந்தம் செய்து, சம்பளம் கொடுத்து, பெரும்பாலும் வீடும் பார்த்துத் தருகிறது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. இரு தரப்பும் விரும்பினால் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம்.

இன்னொரு வழி, ஆசிரியர்களை ஒப்பந்த முறையில் பள்ளிகளுக்கு அனுப்பும் தனியார் நிறுவனங்கள். அவற்றில் சம்பளம் பெரும்பாலும் குறைவு. விடுமுறை மாதங்களில் ஊதியத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. சில ஒப்பந்த வகைகளில் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாகப் பணி உத்தரவு தரவே சட்டத்தில் இடமில்லை என்பதால், ஒரே வகுப்பில் நிற்கும் இருவர் கலந்து பேசிப் பாடம் நடத்துவதுகூடச் சிக்கலாகிவிடும். எந்த வகை ஒப்பந்தம் என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான் இந்தியன், ஆங்கிலம் என் தாய்மொழி இல்லை. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். திட்டத்தில் பங்கேற்கும் நாட்டின் குடியுரிமையும், ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டமும் அடிப்படைத் தகுதிகள்; கல்வியியல் பட்டம் கட்டாயமில்லை. இந்தியர்கள் டெல்லியில் உள்ள ஜப்பானியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்கள் தங்கள் நாட்டிலுள்ள தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். எந்தப் பதவிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதும், தேதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், ஆண்டுத் தொடக்கத்தில் நேர்காணல், ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ பயணம் என்ற வரிசையில் நடக்கும். விருப்பமான இடங்களைக் குறிப்பிடலாமே தவிர, எந்த ஊர் என்று முடிவு செய்வது அவர்கள். பெருநகரம் கிடைப்பது அரிது.

நம்முடைய உச்சரிப்பைப் பற்றிய அச்சம் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. முதல் மாதத்தில் என் பேச்சை நானே அமெரிக்கச் சாயலுக்கு மாற்றிக்கொள்ள முயன்றேன். பின்னர் ஒரு மூத்த ஜப்பானிய ஆசிரியை, “நீங்கள் வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள், அது அவர்களுக்கு மிகவும் தேவையான செய்தி” என்றார். ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகக் கற்று, பிழையோடு பேசி, பிறகு சரளமான ஒருவர் தங்கள் முன்னால் நிற்கிறார் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தரும் துணிவை, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர் தருவது கடினம் என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பறையில் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

ஜப்பானிய ஆசிரியர் உரிமம் இல்லாத துணை ஆசிரியர் தனியே பாடம் நடத்துவதில்லை. ஜப்பானிய ஆசிரியருடன் இணைந்து நடத்த வேண்டும் என்பதே முறை. 2020இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியின் 3, 4ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளைகள் ஆங்கிலம் ஒரு செயல்பாடாகவும், 5, 6ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 70 பாடவேளைகள் மதிப்பெண்ணுடன் கூடிய பாடமாகவும் இருக்கிறது. நடுநிலைப் பள்ளியில் ஆண்டுக்கு 140 பாடவேளைகள். தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். நடுநிலைப் பள்ளியில் 50 நிமிடம். தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியர்களில் பலர் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெறாதவர்கள் என்பதால், அங்கே பாடத்தின் பெரும்பகுதியை நீங்களே வடிவமைக்க நேரிடும். நடுநிலைப் பள்ளியில் நிலைமை வேறு. அங்கே உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எல்லாவற்றையும் ஆள்கிறது. சில நாட்களில் பாடத்தை உரக்கப் படித்துக் காட்டுவது மட்டுமே உங்கள் வேலையாக இருக்கும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிழை செய்வதற்கான அச்சம்தான் இங்கே உள்ள பெரிய தடை. விடை தெரிந்த குழந்தையும், நூறு விழுக்காடு உறுதி இல்லையென்றால் வாய் திறக்காது. எழுப்பி நிறுத்தினால், அருகில் இருப்பவரிடம் குனிந்து கலந்து பேசும். என் நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். தேர்வில் எப்போதும் முதல் மூவரில் ஒருத்தி. ஆனால் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை என்னிடம் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்தபடி, அழிப்பான் துகள்களைச் சுண்டுவிரலால் ஒரு கோடாகச் சேர்த்துக்கொண்டிருப்பாள். நான் பொறுமையிழந்து அவளை மீண்டும் மீண்டும் கேட்டது தவறு என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அவள் பேசியது எங்கே, எப்போது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பள்ளியில் ஒரு நாள் எப்படிக் கழியும்?

வாசலில் காலணியைக் கழற்றி, ‘உவாபாகி’ எனப்படும் உட்புறக் காலணியை அணிவதில் நாள் தொடங்கும். ஆசிரியர் அறையில் எல்லோருடைய மேசைகளும் ஒன்றையொன்று நோக்கி ஒட்டிப் போடப்பட்டிருக்கும். தனி அறை என்பதே கிடையாது. காலைக் கூட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எல்லாம் அதிவேக ஜப்பானிய மொழியில் நடப்பதால், அன்று பாட அட்டவணை மாறியிருப்பதை வகுப்பு வாசலில் நின்றுதான் நீங்கள் அறிவீர்கள். பக்கத்து மேசை ஆசிரியரிடம் தினமும் காலையில் “இன்று ஏதேனும் மாற்றம் உண்டா?” என்று கேட்கும் பழக்கம் இந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

மதிய உணவான ‘க்யூஷோகு’ எல்லோருக்கும் ஒரே உணவு. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த மாணவர்களே பரிமாறுவார்கள். கடைசித் தட்டு வந்து, ஒருவர் முன்னின்று “இதாதாகிமாசு” என்று சொல்லும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் முன்னதாகவே உண்டிருப்பார். குழந்தைகளுக்குப் போகும் முன் உணவு பாதுகாப்பானதா என்று சுவைத்துப் பதிவு செய்வது அவருடைய பொறுப்பு. உணவுக்குப் பிறகு துப்புரவு நேரம். முழங்காலை மடக்கி, ஈரத்துணியைத் தரையில் அழுத்தியபடி நடைக்கூடத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடும் குழந்தைகளோடு நீங்களும் ஒரு துணியை எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் பேசாத பிள்ளைகள் பேசும் நேரம் அது. துடைப்பத்துக்கு ஆங்கிலத்தில் என்ன, தமிழில் என்ன என்று கேட்ட நான்காம் வகுப்புச் சிறுவர்கள், அடுத்த வாரமே “துடைப்பம்” என்று சுருதி சுத்தமாகச் சொன்னார்கள்.

ஜெட் ஒப்பந்தத்தில் வேலை நேரம் பொதுவாக வாரத்துக்கு 35 மணி. நீங்கள் நான்கு மணி வாக்கில் கிளம்பலாம். சக ஆசிரியர்கள் இரவு வரை இருப்பார்கள். “ஒசாகி நி ஷிட்சுரே ஷிமாசு”, அதாவது “உங்களுக்கு முன்னதாகப் புறப்படுவதற்குப் பொறுத்தருள வேண்டும்” என்று சொல்லாமல் கிளம்பக் கூடாது.

நான் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் வெளியே உண்பது மிகக் கடினம். இறைச்சி இல்லை என்று அவர்கள் மனமார நம்பித் தரும் உணவிலும், கட்சுவோ மீனைப் புகையில் உலர்த்திச் சீவிய துருவலில் எடுத்த ‘தாஷி’ சாறு இருக்கும். மிசோ சூப், காய்கறிக் கூட்டு, எங்கள் பகுதியின் பெருமையான ஹெகி சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு எல்லாவற்றிலும் அது உண்டு. பள்ளியில் குழந்தைகள் கொண்டாடும் ‘கறி ரைஸ்’ என்ற மசாலாக் குழம்புச் சோற்றிலும், கடைகளில் கிடைக்கும் அதன் மசாலாக் கட்டியிலும் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும். ஆகவே முதல் நாளே பள்ளியில் தெளிவாகச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து உணவு கொண்டுவர அனுமதி கேளுங்கள். ‘மீன் துருவல் சாறும் கூடாது’ என்பதை ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சமைக்கத் தெரிந்தால் குறையே இல்லை. கோஷிஹிகாரி அரிசி விளையும் மண் அது. குழைந்த அந்தச் சோறு ரசத்துக்குச் சரிவராது. தயிர்சாதத்துக்கு மிகவும் பொருந்தும். டோஃபு, பொரித்த டோஃபு, காளான், வசந்தத்தில் மலையிலிருந்து பறித்து வரும் ‘சன்சாய்’ கீரைகள் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் ஆகியவற்றைத் தோக்கியோவின் நிஷி கசாய், ஷின் ஓகுபோ பகுதிகளிலுள்ள இந்தியக் கடைகளிலிருந்து தபாலில் வரவழைக்கலாம்.

பனிக்காலம் அவ்வளவு கடுமையானதா?

ஜப்பான் கடலை ஒட்டி உள்ள நீகாட்டா, யாமகாட்டா, அகிட்டா, அவோமோரி போன்ற பகுதிகளுக்கு ‘பனி நாடு’ என்றே பெயர். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, ஒப்பீட்டில் வெதுவெதுப்பான ஜப்பான் கடலின் மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலையில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. டோகாமாச்சிப் பகுதியில் பிப்ரவரியில் இரண்டு மீட்டருக்கு மேல் பனி நிற்பது வழக்கமே. அங்குள்ள பல வீடுகளில் கீழ்த்தளம் வெறும் கான்கிரீட். குடியிருப்பு அதற்கு மேலேதான். சாலையின் நடுவே வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து நிலத்தடி நீர் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும். இந்த முறை 1961ஆம் ஆண்டு வாக்கில் அருகிலுள்ள நாகாவோகா நகரில் தொடங்கியது.

குளிரைவிட, வீட்டின் அமைப்புதான் நம்மவர்களைத் திகைக்க வைக்கும். பழைய வீடுகளில் முழு வீட்டையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. இருக்கும் அறையை மட்டும் மண்ணெண்ணெய் அடுப்பால் சூடேற்றிக்கொண்டு, ‘கோதாட்சு’ என்ற சூட்டு மேசையின் போர்வைக்குள் காலை நுழைத்து உட்கார வேண்டும். 18 லிட்டர் மண்ணெண்ணெய் கேனைத் தூக்கி வரும் வலு உங்களுக்கு வேண்டும். கடும் குளிர் இரவுகளில் ‘மிசுநுகி’, அதாவது குழாய்களிலுள்ள நீரை முழுவதும் வடித்துவிட்டுப் படுப்பது, கட்டாயம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டார்கள். புத்தாண்டு விடுமுறையில் நான்கு நாள் வெளியூர் சென்று திரும்பியபோது சமையலறைக் குழாய் வெடித்து, தரை முழுவதும் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. வீட்டை ஒப்படைப்பவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: “நீரை வடிக்கும் திருகு எங்கே இருக்கிறது?”

காலை ஐந்தரைக்கு எழுந்து வாசல் பனியை அள்ள வேண்டும். ‘மாமாசான் டம்ப்’ என்ற அகன்ற தள்ளு மண்வெட்டி இதற்கு உகந்தது. கூரைப் பனியை இறக்கும் வேலையை மட்டும் தனியே செய்யாதீர்கள். ஆண்டுதோறும் அதில் விழுந்தும் புதைந்தும் இறப்பவர்கள் உண்டு. அனுபவமுள்ள முதியவர்களே அதிகம்.

ஜப்பானிய மொழி தெரியாமல் போகலாமா?

போகலாம். தெரியாமல் இருந்துவிடக் கூடாது. கிராமத்தில் அஞ்சலகம், மருத்துவமனை, குப்பை பிரிக்கும் அட்டவணை, மாலையில் ஒலிபெருக்கியில் வரும் ஊர் அறிவிப்பு எதிலும் ஆங்கிலம் இராது.

தமிழ் அறிந்தவருக்கு இதில் ஒரு பெரும் சலுகை இருக்கிறது. ஜப்பானிய வாக்கியம் நம் வாக்கியத்தைப் போலவே வினையில் முடிகிறது. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. ‘ஹோன் ஓ யோமு’ என்றால் ‘புத்தகத்தைப் படி’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. இன்னும் வியப்பானது துணைவினை. ‘தபேதே மிரு’ என்பதில் ‘மிரு’ என்றால் பார்த்தல். தொடரின் பொருள் ‘சாப்பிட்டுப் பார்’. ‘காயிதே ஒகு’ என்பதில் ‘ஒகு’ என்றால் வைத்தல். பொருள் ‘எழுதி வை’. மேலை நாட்டு நண்பர்கள் வாரக்கணக்கில் போராடும் இந்த இலக்கணத்தை நாம் ஒரே மாலையில் உள்வாங்கிக்கொள்கிறோம். ‘என்று’ என்ற சொல்லுக்கு நேராக ‘தோ’ இருக்கிறது. வினாவுக்கு நம் ‘ஆ’ நிற்கும் இடத்திலேயே ‘கா’ நிற்கிறது.

மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919–2008) இந்த ஒற்றுமைகளையும் சொல் ஒப்புமைகளையும் வைத்து, இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கற்பவருக்கு இந்த ஒற்றுமை கைகொடுக்கிறது. எழுத்துதான் பெருமலை. தொடக்கப் பள்ளி முடிக்கும் குழந்தையே ‘கான்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகளில் 1,026ஐக் கற்றிருக்க வேண்டும். நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சி ஏட்டை வாங்கி, ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையிலேயே எழுதிப் பழகினேன். பிள்ளைகள் வந்து, எழுத்தின் கோடுகளை நான் இடும் வரிசையைத் திருத்துவார்கள். அவர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் பிழையாகப் பேச முன்வந்ததற்கு, நான் அவர்கள் முன்னால் பிழையாக எழுதியதும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

சம்பளம் எவ்வளவு? மிச்சம் பிடிக்கலாமா?

2025 ஏப்ரல் முதல் ஜெட் துணை ஆசிரியருக்கு முதல் ஆண்டில் ஏறத்தாழ 40 லட்சத்து 20 ஆயிரம் யென்னும், அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறிது கூடுதலாகவும் வழங்கப்படுகிறது. இதில் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வருமான வரி ஆகியவை பிடிக்கப்படும். நீங்கள் வந்த மறு ஆண்டின் ஜூன் மாதம் முதல் குடியிருப்பு வரியும் சேரும். அதை எதிர்பாராதவர்கள் தடுமாறிப் போகிறார்கள். கிராமத்தில் வாடகை குறைவு; மண்ணெண்ணெய், கார், பனிக்கால டயர் ஆகியவை அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவுக்குப் பணம் கொண்டு போங்கள்.

கார் தேவையா?

பேருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை வரும் ஊரில், தேவைதான். அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓடும் என்பதால் நமக்குப் பழக்கமான முறை. இந்தியாவில் பெற்ற பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அதன்பின் ஜப்பானிய உரிமமாக மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் முதல் எழுத்துத் தேர்வு 50 கேள்விகளாகக் கடுமையாக்கப்பட்டுள்ளது. மஞ்சள் எண்பலகை கொண்ட 660 சிசி சிறு கார் போதும். பனி பெய்யும் இரவில் நிறுத்தும்போது கண்ணாடித் துடைப்பான்களை நிமிர்த்தி வையுங்கள். இல்லையேல் காலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மிடறு குடித்தாலும் வண்டியைத் தொடாதீர்கள். ஊற்றிக் கொடுத்தவரும் உடன் அமர்ந்தவரும்கூடத் தண்டிக்கப்படுவார்கள்.

ஊர் முழுவதும் நம்மையே கவனிக்கும் என்கிறார்களே?

கவனிக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய முள்ளங்கியின் எண்ணிக்கை திங்கட்கிழமை வகுப்பில் தெரிந்திருந்தது. அதே கவனிப்பினால்தான், காய்ச்சலில் இரண்டு நாள் என் வீட்டு விளக்கு எரியாததைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பாட்டி கஞ்சியோடு கதவைத் தட்டினார். பெரும்பாலான நாட்களில் வாசற்படியில் யாரோ வைத்துவிட்டுப் போன வெள்ளரிக்காயோ கத்தரிக்காயோ இருக்கும். யார் என்று கண்டுபிடித்து நன்றி சொல்வது உங்கள் கடமை. வெளியூர் போய் வந்தால் ‘ஒமியாகே’ எனப்படும் தின்பண்டப் பெட்டியை ஆசிரியர் அறைக்கு வாங்கி வருவதும் அப்படியே. குப்பையைத் தவறாகப் பிரித்து வைத்தால், சிவப்புத் தாள் ஒட்டி, உங்கள் பை அங்கேயே விடப்படும். அதையும் எல்லோரும் பார்ப்பார்கள்.

தனிமை வேறு விஷயம். அது பெரும்பாலும் முதல் நவம்பரில், நான்கரை மணிக்கே இருட்டத் தொடங்கும்போது வரும். இணையத்தில் ஊர் நண்பர்களுடன் மட்டும் பேசிக்கொண்டு இரவுகளைக் கழித்தவர்கள் விரைவில் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு மாலையாவது ஊராருடன் ஏதேனும் ஒன்றில் சேருங்கள். மேளக் குழுவோ, கைப்பந்தோ, சமையலோ எதுவானாலும் சரி. நான் சேர்ந்தது முதியோர் நடத்திய வைக்கோல் பின்னும் குழுவில்.

விழா நாட்களில் நம்மையும் சேர்த்துக்கொள்வார்களா?

கூப்பிடுவார்கள், போயே தீருங்கள். மூன்று ஆண்டுகளில் எனக்கு மிக நெருக்கமாகிப் போன நாள் ஜனவரி 15. நம் ஊரில் பொங்கல் கொண்டாடும் அதே நாட்களில், அங்கே வைக்கோலையும் மூங்கிலையும் ஆளுயரத்துக்கு மேல் கோபுரமாகக் கட்டி, புத்தாண்டு அலங்காரங்களைச் சேர்த்துக் கொளுத்துகிறார்கள். ‘சாயி நோ காமி’ என்று பெயர். அந்த நெருப்பில் சுட்ட உலர்ந்த கணவாய் மீனையோ, பசையரிசியைக் குத்திச் செய்த ‘மோச்சி’ அடையையோ தின்றால் ஆண்டு முழுவதும் நோய் வராது என்பது நம்பிக்கை. பக்கத்திலுள்ள மாட்சுனோயாமாவில் அதே நாளில், ஊர்ப் பெண்ணை மணந்த புது மாப்பிள்ளையைப் பனிச்சரிவில் தூக்கி எறிவார்கள். பிறகு, சாம்பலைப் பனியில் குழைத்து ஒருவர் முகத்தில் ஒருவர் பூசி வாழ்த்துச் சொல்வார்கள். போகி நெருப்பைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த வைக்கோல் புகையின் மணம் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் ஆண்டு அந்த நெருப்பின் ஓரத்தில், நீண்ட குச்சியில் மோச்சியைச் செருகி நின்றுகொண்டிருந்தேன். சுடும் முறை தெரியாமல் குச்சியைத் தழலுக்குள்ளேயே நீட்டிவிட்டேன். யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். வகுப்பில் அழிப்பான் துகளைச் சேர்த்துக்கொண்டிருந்த அந்த மாணவி. “டூ க்ளோஸ். வெயிட். ரெட் ப்ளேஸ், நோ. க்ரே ப்ளேஸ், ஓகே” என்று சொல்லி, என் குச்சியை வாங்கி, தழல் அடங்கிச் சாம்பல் பூத்த இடத்துக்கு மேலே பிடித்துக் காட்டினாள். மார்ச்சில் பட்டமளிப்பு நடக்கும்வரை, வகுப்பில் அவள் வாரத்துக்கு ஒரு விடையாவது சொன்னாள். எட்டு மாதம் வகுப்பறையில் நான் தேடியது ஒரு மோச்சி கருகிய நேரத்தில் கிடைத்தது. கிராமப்புற வேலையில் பாடவேளையைவிட ஊரோடு வாழும் நேரம் முக்கியம் என்று நான் எல்லோரிடமும் வலியுறுத்துவதற்கு அவளே காரணம்.

நிலநடுக்கம் பற்றி அஞ்ச வேண்டுமா?

ஆயத்தமாக இருக்க வேண்டும். 2004 அக்டோபர் 23 மாலை, எங்கள் பகுதியில் ஏற்பட்ட 6.8 அளவு நடுக்கத்தில் 68 பேர் இறந்தார்கள். அருகிலுள்ள யாமகோஷி கிராமம் முழுவதும் காலி செய்யப்பட்டது. பள்ளியில் ஒத்திகை அடிக்கடி நடக்கும். குழந்தைகள் நொடியில் மேசைக்கடியில் போய்விடுவார்கள். நீங்களும் வழியைத் தெரிந்துவைத்திருங்கள், ஏனெனில் அந்தக் கணத்தில் நீங்கள் விருந்தினர் கிடையாது. 2011 மார்ச் 11 அன்று, மியாகி மாகாணத்தின் இஷினோமாகியில் பணியாற்றிய 24 வயது அமெரிக்க ஜெட் ஆசிரியை டெய்லர் ஆண்டர்சன், தன் மாணவர்கள் பெற்றோரிடம் சேர உதவிவிட்டு வீடு திரும்பும் வழியில் சுனாமியில் உயிரிழந்தார். அவர் குடும்பத்தார் அவர் நினைவாக இஷினோமாகிப் பள்ளிகளுக்கு ஆங்கில நூல்கள் நிறைந்த அலமாரிகளை அளித்து வருகிறார்கள்.

பள்ளிகள் மூடப்படுகின்றனவாமே?

ஆம். ஜப்பான் முழுவதும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்படுகின்றன. எனது மூன்று தொடக்கப் பள்ளிகளில் மிகச் சிறியதில் மொத்தம் 19 குழந்தைகள். அடுத்தடுத்த இரு வகுப்புகளைச் சேர்த்தும் 16 பேருக்கு மேல் இல்லையென்றால் அவற்றை ஒரே வகுப்பாக நடத்தலாம் என்பது விதி. ஒரே அறையில், முன்னும் பின்னுமாக இரண்டு கரும்பலகைகளுடன் பாடம் நடக்கும். அத்தகைய வகுப்பில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்குச் சேர்த்து ஆங்கிலம் கற்பிப்பது கடினம், ஆனால் ஒவ்வொரு குழந்தையும் பேசாமல் தப்ப முடியாது. மூடிய பள்ளிகளுக்கும் அங்கே வாழ்வு உண்டு. டோகாமாச்சியில் ஒரு முன்னாள் பள்ளி படக்கதை ஓவியங்களின் அருங்காட்சியகமாக இருக்கிறது. இன்னொன்று, பீகாரின் மிதிலை ஓவியங்களுக்கான அருங்காட்சியகமாக 1982இலிருந்து இயங்குகிறது. மலைக்கு நடுவே அந்தச் சுவர்களைப் பார்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

ஊராட்சி அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் செலுத்திய ஓய்வூதியத்தை மொத்தமாகத் திரும்பப் பெற, நாட்டைவிட்டுக் கிளம்பிய இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் வரையிலான காலம் கணக்கில் கொள்ளப்படும். அதில் ஒரு பங்கு வரியாகப் பிடிக்கப்படும். ஜப்பானில் உங்கள் சார்பில் வரி விவகாரங்களைப் பார்க்க ஒருவரை முன்னதாகவே நியமித்தால் அதையும் மீட்கலாம். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு இருப்பதால், மொத்தமாக வாங்குவது நல்லதா, அந்தக் காலத்தைச் சேர்த்துக் கணக்கிட விடுவது நல்லதா என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

அடுத்து வருபவருக்கு ஒரு கடிதம் எழுதி வையுங்கள். நான் எட்டுப் பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில், குழாய் நீரை வடிக்கும் திருகு இருக்கும் இடத்தைப் படம் வரைந்து காட்டினேன். கடைசிப் பக்கத்தில், எந்தக் குழந்தையை எழுப்பிக் கேள்வி கேட்கக் கூடாது, அவர்களோடு எந்த நேரத்தில் பேசலாம் என்று எழுதினேன். மாமாசான் டம்பை வாசல் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.